மணலும் நுரையும் கண்ணாடியும்: வரிசையில்லாத திண்மம் எங்கே இளகுகிறது?

ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறையில் மூன்று பொருள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அடியில் கண்ணாடிப் பலகை, அதன் மேல் அச்சுக்குள் ஊற்றிய சாயச் சாந்து, கைக்கு எட்டும் தூரத்தில் மணல் குவியல். கண்ணாடி உடையும், சாந்து வழியும், மணல் சரியும். பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றிலும் ஒரே நிலைமை: கண்ணாடியின் அணுக்களோ, சிமெண்டின் துகள்களோ, மணலோ எதுவும் வரிசை கட்டி உட்காரவில்லை. உப்புக் கல்லிலும் செம்புக் கம்பியிலும் இருக்கிற ஒழுங்கு இவற்றில் கிடையாது. ஆனாலும், சாந்து கொஞ்சம் தண்ணீர் வற்றி நின்றுவிட்டால், மூன்றும் திண்மம்தான். லேசாகத் தள்ளினால் தாங்கும். ஓர் அளவைத் தாண்டித் தள்ளினால் விட்டுக்கொடுக்கும்.

அந்த அளவு எது, முதலில் விட்டுக்கொடுப்பது எந்த இடம், ஒரு சின்ன இடம் இளகியதும் அது எப்படிப் பொருள் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பொருளின் பலத்தைக் கேட்பதற்கு முன்னால், அது எப்படி அடுக்கப்பட்டது, எவ்வளவு மெதுவாகக் குளிர்ந்தது, எத்தனை தடவை தட்டப்பட்டது என்று கேட்க வேண்டும். அதே பொருள், அதே அளவு, தயாரித்த விதம் மட்டும் வேறு என்று இரண்டு மாதிரிகளை எடுத்தால், ஒன்று பிசைந்த மாவு போல மெல்ல வளையும், மற்றது படீரென்று போகும்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் ‘சறுக்குப் பெயர்ச்சி’ என்ற சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன். சீட்டுக்கட்டின் அடிச்சீட்டைப் பிடித்துக்கொண்டு மேல்சீட்டைப் பக்கவாட்டில் தள்ளுவதுதான் அது. 10 செ.மீ. உயரமுள்ள பொருளின் மேல்பக்கம் 1 செ.மீ. நகர்ந்தால் திரிபு 0.1. தள்ளுவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்பது தகைவு.

செம்பு, இரும்பு போன்ற படிகங்கள் சறுக்குவதை 1934 முதல் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறோம். அந்த ஆண்டில் டெய்லர், ஓரோவான், பொலானி மூவரும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். அணு வரிசையில் ஒரு குறை இருக்கும். அந்தக் குறைதான் ஊர்ந்து போகிறது. டிஸ்லொகேஷன் என்று அதற்குப் பெயர். கல்யாணப் பந்தியில் விரித்த நீள ஜமக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவது கஷ்டம். ஒரு முனையில் மடிப்பை எழுப்பி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் முழு ஜமக்காளமும் ஒரு சாண் நகர்ந்துவிடும். படிகத்தில் நடப்பது இதுதான். எந்த இடத்தில் மடிப்பு இருக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கோடு கோடாகப் பார்க்கலாம்.

வரிசையில்லாத பொருளில் இந்த வசதி இல்லை. வரிசையே இல்லாதபோது அதில் குறை என்று எதைச் சுட்டுவது? ஒவ்வொரு இடமும் ஒரு விதம். 1979-இல் ஆர்கன் உலோகக் கண்ணாடிகளுக்கு, அதாவது அணுக்கள் வரிசை கட்டாமலே உறைந்த உலோகக் கலவைகளுக்கு, ஒரு படத்தைக் கொடுத்தார்: சில பத்து அணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம் மட்டும் திடீரென்று தங்களுக்குள் இடம் மாறிக்கொள்கிறது, சுற்றியுள்ள மற்றதெல்லாம் மீள்தன்மையோடு அதற்கு ஏற்ப வளைந்துகொடுக்கிறது. 1998-இல் ஃபால்க், லாங்கர் இருவரும் அதைச் சமன்பாடுகளாக்கி, கணினியில் அந்தக் கூட்டங்களை அடையாளம் காணும் வழியையும் தந்தார்கள். இன்று இந்தத் துறையில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி இந்தப் படத்தின் மேல் கட்டியதுதான்.

முதலில் சமையலறையில் செய்து பார்க்கக்கூடிய ஒன்று. படியில் அரிசி அளக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: குலுக்கி அளந்தால் கூடுதலாகப் பிடிக்கும். ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகளை மெல்லக் கொட்டினால் பாத்திரத்தின் கொள்ளளவில் சுமார் 56 விழுக்காட்டைத்தான் அடைக்கும். தட்டித் தட்டி இறக்கினால் சுமார் 64 வரை போகும். ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி அடுக்கினால் 74. இந்த 56-க்கும் 64-க்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசம்தான் மணலும் அரிசியும் நடந்துகொள்ளும் விதத்தைத் தலைகீழாக மாற்றுகிறது.

வயிறு அகன்று கழுத்து குறுகிய, ஒரு லிட்டர் பிடிக்கிற சொம்பு ஒன்றை எடுங்கள். நன்றாகக் காய்ந்த பச்சரிசியை மெல்லக் கொட்டித் தலைதட்டுங்கள். மரக்கரண்டிக் காம்பை உள்ளே விட்டு இழுத்தால் சுலபமாக வந்துவிடும். இப்போது சொம்பை ஒரு மடித்த துணி மேல் வைத்து 40, 50 தடவை தட்டுங்கள். அரிசி இறங்கும். இறங்கிய இடத்தில் மேலும் அரிசி போட்டுக் கட்டைவிரலால் அழுத்துங்கள். காம்பை 10, 15 தடவை குத்தி எடுத்து, கடைசியில் அடிவரைக்கும் குத்தி மேலே தூக்குங்கள். சொம்பும் சேர்ந்து எழும். நெருக்கமாக அடுக்கிய அரிசியில் காம்பு சறுக்க வேண்டுமானால், பக்கத்து அரிசிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்க வேண்டும். ஏறுவதற்கு இடம் வேண்டும்; அதாவது அரிசி மொத்தமாகப் பருக்க வேண்டும். சொம்பின் கழுத்து அதற்கு இடம் கொடுப்பதில்லை. பருக்க முடியாததால் அரிசி காம்பை நெருக்கிப் பிடிக்கிறது. வாய் அகன்ற பாத்திரத்தில் இது நடக்காது, அரிசி மேலே எழும்பி இடம் தேடிக்கொள்ளும். வழவழவென்று கீழ்நோக்கிக் கூம்பிய காம்பும் உதவாது.

சறுக்கும்போது பருப்பதைப் பற்றி ரெனால்ட்ஸ் 1885-இலேயே எழுதிவிட்டார். தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஈர மணலில் காலை ஊன்றும்போது பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளிறிக் காய்ந்தாற்போல் ஆவதைக் கவனித்திருப்பார்கள். காரணம் இதேதான். மிதித்ததும் மணல் சறுக்கிப் பருக்கிறது, துகள்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது, மேலே நின்ற தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

அரிசியில் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் சோப்புக் குமிழிதான் நல்லது. பிராகும் நையும் 1947-இல் ஒரே அளவுக் குமிழிகளைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டுப் படிகம் செய்து காட்டினார்கள். இரண்டு அளவில் குமிழிகளைக் கலந்தால் படிகம் அமையாது, கலைந்த திண்மம் கிடைக்கும். ஆர்கனின் படத்துக்குப் பின்னாலும் இந்த மாதிரிக் குமிழிச் சோதனை இருக்கிறது. வீட்டில் செய்யலாம், செலவும் அதிகமில்லை. பள்ளி ஆசிரியர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீர், 30 முதல் 40 மில்லி பாத்திரம் துலக்கும் திரவம், 50 மில்லி கிளிசரின். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் நுரை திரிந்து குமிழி சீக்கிரம் உடையும். வளவு முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. மூன்றையும் நுரை எழாமல் மெல்லக் கலக்கி ஓரம் உயர்ந்த தாம்பாளத்தில் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு ஊற்றுங்கள். தட்டின் அடி கறுப்பாக இருந்தால் குமிழியின் விளிம்பு படத்தில் தெளிவாக விழும். மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று பம்ப்பின் குழாயில், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியின் முனையை மழுக்கிப் பொருத்துங்கள். ஊசியின் வாய் எப்போதும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு ஊதினால் ஆழம் மாறும், குமிழியின் அளவும் மாறும். ஒரு கட்டையில் கட்டி நிறுத்துங்கள். முதலில் 2 மி.மீ. அளவுக் குமிழிகளைப் பாதித் தட்டுக்கு விட்டு, ஊசியை மாற்றி 2.6 முதல் 2.8 மி.மீ. அளவில் மீதியை நிரப்புங்கள். அளவை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் அங்கங்கே தேன்கூடு மாதிரி அறுகோண வரிசை அமைந்துவிடும், நமக்கு வேண்டியது அதுவல்ல. இரண்டையும் ஒரு கரண்டியால் மெல்லத் துழாவிக் கலந்துவிடுங்கள். குமிழி மேல் குமிழி ஏறி இரண்டாவது அடுக்கு உண்டானால் அதை ஈர விரலால் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேலை எதிரெதிராக, 7 செ.மீ. இடைவெளியில் தண்ணீருக்குள் நிற்கவையுங்கள். நடுவில் சுமார் 30 குமிழி அகலம் இருக்கும். ஸ்கேலின் உள்பக்கத்தில் சீப்பின் பற்களை வெட்டி ஒட்டுவது முக்கியம். வழவழப்பான ஸ்கேலாக இருந்தால் குமிழிகள் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் தள்ளுவது உள்ளே போய்ச் சேராது. இந்தச் சோதனை கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு ஸ்கேலை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றதை அதன் நீளவாக்கில் 2 விநாடிக்கு 1 மி.மீ. வேகத்தில் நகர்த்துங்கள். 7 மி.மீ. நகர்ந்தால் திரிபு 0.1. வேகம் கூடினால் தண்ணீரின் பிசுபிசுப்பு குறுக்கே வந்து படத்தைக் குழப்பும். போனை மேலே நேராக நிறுத்தி வீடியோ எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஏனென்றால் அதற்குள் சின்னக் குமிழிகளின் காற்று பெரியவற்றுக்குள் கசியவும் குமிழிகள் உடையவும் தொடங்கும்.

என்ன தெரியும்? முதல் ஒன்றிரண்டு மி.மீ. வரை குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கொஞ்சம் சாயும். ஸ்கேலைத் திருப்பிக் கொண்டுவந்தால் அநேகமாகப் பழைய இடத்துக்கே வரும். அதற்கப்புறம் ஓரிடத்தில் நான்கு குமிழிகளைக் கவனியுங்கள். இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த ஜோடியின் இருபுறமும் ஒன்றோடொன்று ஒட்டாத மற்ற இரண்டு நிற்கும். ஸ்கேல் நகர நகர ஒட்டியிருந்த ஜோடியின் இடையே உள்ள சோப்புச் சுவர் சுருங்கிக்கொண்டே வரும். சுருங்கி ஒரு புள்ளியானதும், விநாடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில், அவை பிரிந்துவிடும். எட்டி நின்ற இரண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஸ்கேல் அநேகமாக நகரவே இல்லை. இதுதான் இடமாற்றத்தின் மிகச் சிறிய அலகு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நான்கைச் சுற்றி இன்னும் பத்துப் பன்னிரண்டு குமிழிகள் ஒரு சுழிப்புப் போலக் கொஞ்சம் அசைந்திருப்பது தெரியும்.

ஏன் திடீரென்று? பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழியில் ஒரு சோழி கிடக்கிறது. பலகையை மெல்லச் சாய்க்கிறோம். சோழி குழிக்குள்ளேயே ஓரத்தை நோக்கி நகரும், அவ்வளவுதான். சாய்வு கூடக் கூடக் குழியின் கீழ்ப்பக்க விளிம்பு மழுங்கிக்கொண்டே வந்து ஒரு கோணத்தில் இல்லாமலே போய்விடுகிறது. அந்தக் கணம் வரை அசையாத சோழி அடுத்த குழியில் போய் விழுகிறது. சறுக்கும் திண்மத்திலும் இதுவேதான்: துகள்கள் உட்கார்ந்திருக்கும் ஆற்றல் பள்ளம் திரிபு கூடும்போது ஒரு திசையில் மட்டும் தட்டையாகிறது. அந்தத் திசையின் விறைப்பு, கணிதத்தில் சொன்னால் ஹெசியன் அணியின் மிகச் சிறிய ஐகன் மதிப்பு, பூச்சியத்தை நோக்கி இறங்குகிறது. சீராக இறங்குவதில்லை. இடமாற்றத்துக்கு இன்னும் மீதமுள்ள திரிபின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இறங்குகிறது. கடைசிக் கட்டத்தில்தான் மளமளவென்று விழுகிறது. முன்னறிவிப்பு இவ்வளவு தாமதமாக வருவதற்கு இதுதான் காரணம். மலோனியும் லெமேத்ரும் 2006 வாக்கில் இதைக் கணினியில் விரிவாகக் காட்டினார்கள்.

ஓரிடம் மாறியதோடு கதை முடிவதில்லை. அந்த இடம் தாங்கிக்கொண்டிருந்த சுமை எங்கே போகும்? எஷெல்பி 1957-இல் உலோகங்களை மனதில் வைத்துப் போட்ட ஒரு கணக்கு இங்கே கைகொடுக்கிறது. மீள்தன்மையுள்ள பொருளுக்குள் ஒரு சின்னப் பகுதி மட்டும் உருவம் மாறினால், சுற்றுப்புறத்தின் தகைவு நான்கிதழ்ப் பூவைப் போல மாறுகிறது. சறுக்கும் திசையிலும் அதற்குச் செங்குத்தான திசையிலும் உள்ள இடங்களில் சுமை கூடும். 45 பாகைத் திசைகளில் குறையும். தூரம் போகப் போக இந்தத் தாக்கம், தட்டையான குமிழிப் படலத்தில் தூரத்தின் வர்க்கத்துக்கும், முப்பரிமாணப் பொருளில் அதன் கனத்துக்கும் ஏற்பத் தேயும். தேய்வது மெதுவாக, அதனால் தொலைவிலுள்ள ஒரு பலவீனமான இடத்தையும் அது தொட்டுவிடும்.

மறுபடியும் பல்லாங்குழிதான். ஒரு குழியை வழித்தெடுத்து அடுத்தடுத்த குழிகளில் போடும்போது எங்கோ ஒரு குழி நிறைகிறது, அதை வழிக்கிறோம், ஆட்டம் தொடர்கிறது. இந்தத் துறையில் ‘எலாஸ்டோ-பிளாஸ்டிக்’ மாதிரிகள் என்று சொல்லப்படுபவை கட்டம் போட்டு இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாங்கும் எல்லை. எல்லையைத் தாண்டிய கட்டம் காலியாகித் தன் சுமையை எஷெல்பியின் நான்கிதழ்ப் படி மற்றவற்றுக்குப் பங்கிடும். பல்லாங்குழியிலிருந்து ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே சில குழிகளுக்குச் சோழி போடுகிறோம், சிலவற்றிலிருந்து எடுக்கிறோம். அந்த வித்தியாசம் சின்னதல்ல. எல்லையை ஒட்டி நின்றுகொண்டிருந்த இடங்களை இந்தக் கூட்டலும் கழித்தலும் ஆட்டி ஆட்டி ஏற்கெனவே கவிழ்த்துவிடுவதால், எல்லைக்கு மிக அருகில் நிற்கும் இடங்கள் எப்போதும் அரிதாகவே இருக்கின்றன. வாயார் குழுவினர் 2014-இல் காட்டிய விஷயம் இது. மணல், நுரை, கண்ணாடி மூன்றுக்கும் பொதுவான அடையாளங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

சிமுலேஷன் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ஒரு சாதாரண மடிக்கணினி போதும். துகள்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் மென்பொருள் இலவசம். கணினியில் கண்ணாடிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும், இரண்டு அளவுத் துகள் கலந்த கோப்-ஆண்டர்சன் கலவையின் இருபரிமாண வடிவத்தில் தொடங்குங்கள்: பெரிய துகள் 65 விழுக்காடு, சின்னது 35, அடர்த்தி 1.2. பெரியது-பெரியது விட்டம் 1, பெரியது-சின்னது 0.8, சின்னது-சின்னது 0.88, ஈர்ப்பின் ஆழம் அதே வரிசையில் 1, 1.5, 0.5. முப்பரிமாணம் என்றால் விகிதம் 80-க்கு 20. துகள் எண்ணிக்கை 2,000 போதுமானது. அதிக வெப்பநிலையில் உருக்கி, வேண்டிய வேகத்தில் குளிர்வித்து, கடைசியில் ஆற்றலைக் குறைத்து அருகிலுள்ள பள்ளத்தில் உட்காரவையுங்கள். பிறகு பெட்டியை 0.0001 திரிபுக்குச் சாய்த்து, துகள்களையும் அதே அளவு சாய்த்து, மறுபடி ஆற்றலைக் குறையுங்கள். தகைவைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.2 திரிபு வரை போக 2,000 தடவை இதைச் செய்ய வேண்டும். ராத்திரி ஓடவிட்டால் காலையில் முடிவு கையில் இருக்கும்.

வரும் வளைகோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஏறும் பகுதி மீள்தன்மை. செங்குத்தாக விழும் பகுதி இடமாற்றம். விழுவதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு நிலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துகளுக்கும் சுமார் இரண்டரை விட்டத்துக்குள் இருக்கும் அக்கம்பக்கத்தாரின் நகர்வைப் பாருங்கள். அந்த நகர்வுகளுக்கு மிகவும் பொருந்துகிற ஒரு சீரான நீட்டல்-சாய்த்தலைக் கண்டுபிடித்து, அதைக் கழித்தபின் மிஞ்சுவதன் வர்க்கத்தைக் கூட்டுங்கள். மிச்சம் அதிகமாக உள்ள துகள்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தால் இடம் மாறிய கூட்டம் பளிச்சென்று தெரியும். ஃபால்க்கும் லாங்கரும் தந்த வழி இதுதான். குமிழி வீடியோவுக்கும் இதையே பயன்படுத்தலாம்.

தப்பு நேரும் இடங்கள் சில இருக்கின்றன. திரிபின் படி 0.001-க்கு மேல் போனால் இரண்டு மூன்று தனித்தனி இடமாற்றங்கள் ஒன்றாகக் குழம்பிவிடும். ஆற்றல் குறைப்பைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால் துகள்கள் பள்ளத்தின் அடிக்கு வராமலேயே அடுத்த படி ஆரம்பமாகும். அப்போது விழாத இடத்தில் விழுந்ததாகக் காட்டும். விசையின் எச்சம் பத்து தசம இடங்கள் வரை பூச்சியமாகும்வரை விடாதீர்கள். இந்தக் கலவையில் துகளும் துகளும் இழுத்துத் தள்ளிக்கொள்ளும் லெனார்ட்-ஜோன்ஸ் விசையை 2.5 விட்டத்தில் அப்படியே வெட்டினால் அந்த எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன உதை கொடுக்கும். ஐகன் மதிப்பு பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வகைக்கெழு வரை வழுவழுப்பாகச் சேரும்படி அதை மாற்றியே ஆக வேண்டும். வேறொன்று: மாதிரி பெரிதாக ஆக, அடுத்தடுத்த விழுதல்களுக்கு இடையிலுள்ள திரிபு குறையும். 2,000 துகளில் சரியாக வந்த படி 50,000-க்குப் போதாது.

இப்போது ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். மேலே சொன்ன சிமுலேஷனில் ஒரு மாதிரியைச் சட்டென்று குளிர்வியுங்கள், இன்னொன்றை நூறு மடங்கு மெதுவாக. சட்டென்று குளிர்ந்ததில் பலவீனமான இடங்கள் எங்கும் சிதறிக் கிடக்கும். சறுக்கினால் இங்கொன்று அங்கொன்றாக இடம் மாறிக்கொண்டே போகும், தகைவு மெல்ல ஏறி ஒரு நிலையில் நிற்கும். மெதுவாகக் குளிர்ந்ததில் துகள்கள் நல்ல இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டன. அது நீண்டநேரம் அசையாமல் தாங்கும். தகைவு கடைசி நிலையைவிட உயரே போகும், பிறகு ஒரே சரிவில் கீழே வரும். முதலில் இளகிய இடம் தன் பக்கத்திலுள்ளவற்றை இளக்கும்; ஒரு தடவை கலைந்த இடம் பழைய நெருக்கத்தை இழந்து இன்னும் பலவீனமாவதால் அடுத்த இளகலும் அங்கேயே நடக்கும். முழுத் திரிபும் ஒரு மெல்லிய பட்டைக்குள் குவிந்துவிடும். நான்கிதழ்ப் பூவின் இதழ்கள் சறுக்குத் திசையில் நீண்டிருப்பதால் பட்டையும் அநேகமாக அந்தத் திசையிலேயே அமையும். ஓசாவா, பெர்த்தியே, பிரோலி, ரோஸ்ஸோ, தார்ஜுஸ் ஐவரும் 2018-இல் இந்த இரண்டு நடத்தைகளுக்கும் நடுவில் ஒரு தெளிவான எல்லைப் புள்ளி இருக்கிறது என்று காட்டினார்கள். தயாரிப்பை அந்தப் புள்ளிக்கு மேல் நேர்த்தியாக்கினால் பொருள் வளையும் குணத்தை விட்டு உடையும் குணத்துக்கு மாறிவிடுகிறது.

உலோகக் கண்ணாடியில் இந்தப் பட்டையை நேரில் காணலாம். 1960-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் துவேயின் குழு தங்கமும் சிலிக்கனும் கலந்த உருக்கை விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் குளிர்வித்து முதல் உலோகக் கண்ணாடியைச் செய்தது. இந்த வகைப் பொருள்கள் சுமார் 2 விழுக்காடு வரை மீள்தன்மையோடு நீளும், சாதாரண எஃகால் அதற்குக் கிட்டேகூட வர முடியாது. ஆனால் இழுக்கும்போது 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டையில் எல்லாச் சறுக்கலும் சேர்ந்து, பட்டென்று அறுந்துவிடும். பலம் இருந்தும் இவற்றைப் பாலத்துக்கும் கட்டடத்துக்கும் போட முடியாததன் காரணம் அந்தப் பட்டை.

மணலில் இந்தப் பட்டையின் தடிமன் பத்துத் துகள் அளவில் இருக்கும். கண்மாய்க் கரை சரியும்போது வழுக்கிய பரப்பை வெட்டிப் பார்த்தால் கரை முழுவதும் கலைந்திருக்காது. மெல்லிய ஒரு வளைந்த பரப்பில்தான் மண் மாவாக அரைபட்டிருக்கும். இங்கேயும் அடுக்கிய விதம்தான் தீர்ப்புச் சொல்கிறது. தளர்வாகக் கொட்டிய மண் சறுக்கும்போது சுருங்கும். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் அது வெளியேற நேரமில்லாமல் சுமையைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். துகளுக்கும் துகளுக்கும் உள்ள பிடி விட்டுப்போய்க் கரை கூழாக ஓடும். நெருக்கமாக இறுக்கிய மண் சறுக்கும்போது பருக்கப் பார்க்கும், தண்ணீரை உள்ளே இழுக்கும், பிடி கூடும். முக்காலடிக்கு மேற்படாத அடுக்குகளாக மண்ணைக் கொட்டி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரத்தில் ஒவ்வொரு அடுக்கையும் உருட்டி இறுக்க வேண்டும் என்று சொல்வது இதற்காக. லாரியில் கொண்டுவந்து மொத்தமாகக் கொட்டி மேற்பரப்பை மட்டும் உருட்டினால் உள்ளே 56 விழுக்காட்டு மண்தான் இருக்கும்.

ஆத்தங்குடிப் பட்டறையிலும் இதே கணக்கு வேறு உருவத்தில் இருக்கிறது. கண்ணாடி மேல் ஊற்றும் சாயச் சாந்து முதலில் ஓட வேண்டும். ஓடினால்தான் கண்ணாடியோடு படிந்து வழவழப்பு வரும், காற்றுக் குழி விழாது. அச்சுத் தகட்டை எடுத்ததும் அதே சாந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பூவின் சிவப்பு பச்சைக்குள் கசியும். ஓடுகிற ஒன்றை எப்படி நிற்கவைப்பது? உலர்ந்த மணல்-சிமெண்ட் தூளை மேலே தூவுகிறார்கள். தூள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, சாந்தில் துகள்கள் நெருங்குகின்றன. நெருக்கத்தின் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட சாந்தில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே இளகத் தேவையான தகைவு பல மடங்காகும். அதற்கப்புறம்தான் ஈரக் கலவையைப் போட்டு அழுத்துகிறார்கள். அழுத்தினாலும் பூ கலைவதில்லை. தூள் குறைவாக விழுந்த மூலையில் மட்டும் நிறம் இழுபட்டிருப்பதைக் கல்லைக் கண்ணாடியிலிருந்து எடுத்ததும் பார்க்கலாம்.

ஒரே திசையில் தள்ளுவதற்குப் பதிலாக முன்னும் பின்னும் ஆட்டினால் என்ன ஆகும் என்பது தனி விஷயம். பெங்களூரில் ஸ்ரீகாந்த் சாஸ்திரியின் குழு அதில் முக்கியமான வேலை செய்திருக்கிறது. கோப்-ஆண்டர்சன் கண்ணாடியில் 0.07, 0.08 என்ற திரிபுக்குள் ஆட்டினால், சில பல சுற்றுகளுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் துகள்கள் சரியாக அதே இடங்களுக்கு வந்து சேரும். நடுவில் இடமாற்றங்கள் நடக்கும்; ஆனால் போன வழி வேறாக இருந்தாலும் வந்து சேரும் இடம் மாறாது. மாதிரியும் நன்றாக இறுகிக்கொண்டே வரும். அந்த எல்லையைத் தாண்டி ஆட்டினால் பட்டை உண்டாகி, துகள்கள் சுற்றுக்குச் சுற்று விலகிக்கொண்டே போகும்.

குமிழித் தட்டிலும் இதைப் பார்க்கலாம். ஸ்கேலை முதலில் இருபுறமும் 2 மி.மீ. மட்டும் 20 தடவை ஆட்டி, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்கேல் நடுவுக்கு வரும்போது ஒரு படம் எடுங்கள். பிறகு இருபுறமும் 10 மி.மீ. வீதம் ஆட்டி அதையே செய்யுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 19-வது படத்தையும் 20-வது படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். முதல் வரிசையில் அநேகமாக ஒரே படம்தான் தெரியும். இரண்டாவதில் நகரும் ஸ்கேலின் பக்கமோ நடுவிலோ ஒரு கற்றை மட்டும் மங்கலாக இருக்கும், இருபுறமும் குமிழிகள் கூர்மையாக நிற்கும். அந்த மங்கலின் அகலத்தைக் குமிழிக் கணக்கில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.